பூமிக்கு வயது 6000 ஆண்டுகளா, 454 கோடி ஆண்டுகளா? மூத்த நண்பரின் மூன்று வாதங்கள்

கரைமணல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். அறிவியலைப் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டவன். என்னைவிட வயதில் மூத்த நண்பர் ஒருவர், ஆழ்ந்து படிப்பவர், பூமியும் வானமும் ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முன்பு ஆறு நாட்களில் படைக்கப்பட்டன என்பதில் உறுதியாக இருக்கிறார். எங்களுக்கிடையே இதுபற்றிப் பல மாதங்களாகப் பேச்சு நடக்கிறது. நானும் இறைநம்பிக்கை உடையவனே. ஆகவே நம்பிக்கையைக் கேலி செய்யும் பதில்கள் எனக்குப் பயன்படாது. அவரைத் தோற்கடிப்பதும் என் நோக்கம் அன்று. அவர் கேட்பவற்றுக்கு நேர்மையான விடை என்ன என்பதை அறிய விரும்புகிறேன்.

அவர் சொல்வது மூன்று. முதலாவது, கண்முன் சோதித்துப் பார்க்கக்கூடிய அறிவியல் வேறு, கடந்த காலத்தைப் பற்றிய அறிவியல் வேறு; பூமி தோன்றியபோது எந்த விஞ்ஞானியும் அங்கே இல்லை என்பதால் இரண்டாவது வகை வெறும் ஊகமே. இரண்டாவது, கதிரியக்கத்தை வைத்து வயது கணிப்பது மணற்கடிகையைப் பார்த்து நேரம் சொல்வதைப் போன்றது; தொடக்கத்தில் மேலே எவ்வளவு மணல் இருந்தது, இடையில் யாரேனும் மணலைச் சேர்த்தார்களா அல்லது எடுத்தார்களா, மணல் எப்போதும் ஒரே வேகத்தில் விழுந்ததா ஆகிய மூன்றையும் அனுமானித்துக்கொண்டுதான் வயதைச் சொல்ல முடியும். மூன்றாவது, தொலைதூர விண்மீன்களின் ஒளியைப் பற்றியது. ஆதாமை வளர்ந்த மனிதனாகப் படைத்த இறைவன், விண்மீனைப் படைக்கும்போதே அதன் ஒளியையும் பாதி வழியில் படைத்திருக்கலாம் அல்லவா என்று கேட்கிறார்.

இந்த மூன்றாவது வாதத்துக்கு விடை என்று ஒன்று இருக்க முடியுமா என்பதே எனக்கு விளங்கவில்லை.

பாறைவரி எழுதியது:

வணக்கம். நிலவியல் படித்து, பாறை ஆய்வுக்கூடத்தில் சில காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதல் இரண்டு வாதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விண்மீன்களைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

முதல் வாதத்துக்கான பதில் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. பணம் கைமாறிய எந்த வேளையிலும் தணிக்கையாளர் அங்கே நின்றதில்லை. ஆனாலும் ரசீது, வங்கி அறிக்கை, சரக்கு இருப்புப் பதிவேடு என்று வெவ்வேறு கைகள் வெவ்வேறு நோக்கத்தோடு எழுதிவைத்தவை ஒரே தொகையில் வந்து நிற்கும்போது, நடந்தது என்ன என்று நீங்கள் கையொப்பமிட்டுச் சொல்கிறீர்கள். பூமியின் வயதும் அப்படித்தான் கணிக்கப்படுகிறது.

இரண்டாவது வாதம் கனமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறைகளை உருவாக்கியவர்களும் இதே கேள்விகளைத்தான் தங்களைக் கேட்டுக்கொண்டார்கள். தொடக்க அளவை ஊகிக்க வேண்டியிருந்த நிலையை மாற்றியது ஐசோக்ரான் என்னும் முறை. ஒரே பாறைக்குழம்பு உறைந்து பாறையாகும்போது அதிலுள்ள வெவ்வேறு கனிமங்கள் ருபீடியத்தை வெவ்வேறு அளவில் உள்வாங்குகின்றன. ருபீடியம்-87 மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. ஸ்ட்ரான்சியத்தின் பிற வகைகளோடு அது கொண்டிருந்த விகிதம், உறைந்த நாளில் எல்லாக் கனிமங்களிலும் ஒன்றுபோலவே இருந்திருக்கும். வேதியியல் முறையில் இவ்வகைகளைக் கனிமங்கள் பிரித்தறிவதில்லை. காலம் செல்லச் செல்ல, ருபீடியம் மிகுந்த கனிமத்தில் ஸ்ட்ரான்சியம்-87 அதற்கேற்ப மிகும். இவற்றை வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழுகின்றன. கோட்டின் சாய்வு வயதைத் தருகிறது, அது செங்குத்து அச்சை வெட்டும் இடம் தொடக்க அளவைத் தருகிறது. இடையில் ஏதேனும் சேர்ந்தோ கசிந்தோ இருந்தால் புள்ளிகள் பொதுவாகச் சிதறிவிடும். (இரண்டு குழம்புகள் கலந்ததாலும் சில வேளைகளில் நேர்கோடு கிடைக்கலாம், அதைக் கண்டுபிடிக்கத் தனிச் சோதனை உண்டு. இந்த முறை குறையே அற்றது என்று நான் சொல்லவில்லை.)

சிர்க்கான் என்னும் படிகம் இதைவிட வியப்பானது. அது உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்கிறது, ஈயத்தை ஏறத்தாழ முற்றிலுமாகத் தள்ளிவிடுகிறது. ஆகவே அதற்குள் இன்று காணப்படும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்ததே. அந்த ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன: யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள், யுரேனியம்-235 பாதியாகக் குறைய 70 கோடி ஆண்டுகள். ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் இரண்டு வயதைச் சொல்லி நம்மை எச்சரித்துவிடும். ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலுள்ள ஜாக் ஹில்ஸ் சிர்க்கான்களில் மிகப் பழையது ஏறத்தாழ 440 கோடி ஆண்டுகள் என்று காட்டுகிறது. விண்கற்களின் ஈய விகிதங்களைக் கொண்டு கிளேர் பேட்டர்சன் 1956இல் வெளியிட்ட பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள், 7 கோடி கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது. அதன் பிறகு கருவிகள் எவ்வளவோ முன்னேறியும் அந்த எண் அதன் வரம்பை விட்டு நகரவில்லை.

இனி வேகம். இந்தச் சிதைவு முன்பு பன்மடங்கு விரைவாக நடந்திருக்கலாம் என்பதைப் படைப்புவாதிகளே ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அவர்களுடைய ஆய்வு நிறுவனம் ஒன்று 1997 முதல் 2005 வரை நடத்திய திட்டத்தின் முடிவை உங்கள் நண்பர் அறிந்திருக்கக்கூடும். இன்றைய வேகத்தில் 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகக்கூடிய அளவுக்குச் சிதைவு உண்மையிலேயே நடந்திருக்கிறது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அது படைப்பு வாரத்திலும் ஜலப்பிரளயத்தின்போதும் திடீரென விரைவுபட்டு நடந்தது என்றார்கள். ஆனால் ஒவ்வொரு சிதைவும் வெப்பத்தை வெளியிடுகிறது. அத்தனை கோடி ஆண்டுகளின் வெப்பம் ஓராண்டுக்குள் வெளிப்பட்டால் கண்டங்களின் கருங்கல் உருகிவிடும். நோவாவின் பேழை மிதக்கக் கடல் இருக்காது. இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கிடைக்கவில்லை என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

கடைசியாக, அடிக்கடி காட்டப்படும் ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1986இல் உறைந்த பாறைக்கு, பொட்டாசியம் சிதைந்து ஆர்கான் வாயுவாவதை அளக்கும் பொட்டாசியம்-ஆர்கான் முறை 3.5 லட்சம் ஆண்டு வயதைக் காட்டியது என்பது உண்மையே. அந்த முறை அவ்வளவு இளம்பாறைக்கு உரியதன்று. குழம்பு மேலே வரும்போது பழைய படிகங்களையும் உடன் அள்ளிவருகிறது. பல்லாயிரம் கிலோ நிறுக்கும் தராசில் ஒரு குண்டுமணியை வைத்துவிட்டுத் தராசு பொய் சொல்கிறது என்று முடிவு செய்யலாகாது. அதே தனிமத்தைச் சார்ந்த, நுட்பமான ஆர்கான்-ஆர்கான் முறையைக் கொண்டு, கி.பி. 79இல் பொம்பெயி நகரை மூடிய வெசூவியஸ் எரிமலைப் பொருளை 1997இல் ஆய்ந்தபோது கிடைத்த வயது 1925 ஆண்டுகள், 94 கூடவோ குறையவோ. உண்மையான வயது அன்று 1918 ஆண்டுகள். அந்த எரிமலை வெடித்ததை நேரில் கண்டு எழுதிவைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதால், "அங்கே யார் இருந்தார்கள்" என்ற கேள்விக்கும் இதில் விடை உண்டு.

திருவசனம் எழுதியது:

வணக்கம். மேலே சொல்லப்பட்ட மூத்த நண்பர் நான் அல்லன். ஆனால் அவர் கருத்தே என் கருத்தும். இங்கே எழுதியவர் மரியாதையாக எழுதியிருப்பதால் நானும் அவ்வாறே எழுத முயல்கிறேன். வெப்பச் சிக்கல் எங்களுக்கு உண்மையான சிக்கல் என்பதை மறுக்கவில்லை. நிலவின் மேல் படிந்த தூசி குறைவு, ஆகவே நிலவு இளையது என்னும் பழைய வாதத்தையும் நான் முன்வைக்கப் போவதில்லை. அது நிற்காது என்று 1993இல் படைப்புவாத ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள்.

ஆனால் வேறு சில கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் பூமியைவிட்டு விலகிச் செல்வது லேசர் கதிரால் அளக்கப்பட்டிருக்கிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால் சுமார் 150 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலவு பூமியோடு ஒட்டியிருக்க வேண்டும், ஆகவே 450 கோடி என்பது பொருந்தாது. ஆறுகள் கடலுக்குக் கொண்டுசெல்லும் உப்பைக் கணக்கிட்டால், கடல் அவ்வளவு பழையதாக இருந்தால் இன்னும் எவ்வளவோ கரித்திருக்க வேண்டும். 6.8 கோடி ஆண்டுகள் பழையது எனப்படும் டைனோசர் எலும்புக்குள் வளையக்கூடிய மென்திசு 2005இல் கண்டறியப்பட்டது. பெருவெடிப்புக் கொள்கைக்கும் ஒளி சார்ந்த சிக்கல் உண்டு. வானத்தின் எதிரெதிர் மூலைகள் ஒன்றோடொன்று ஒளியால்கூடத் தொடர்புகொள்ளக் காலம் இல்லாதபோது, இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருப்பது எப்படி? எங்கள் சிக்கலை மட்டும் சிக்கல் என்றும் உங்கள் சிக்கலை ஆய்வுப் பொருள் என்றும் அழைப்பது நியாயமன்று.

விண்மீன்தடம் எழுதியது:

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது நல்ல கேள்வி. வானத்தின் எதிரெதிர்த் திசைகள் ஒரே வெப்பநிலையில் இருப்பது உண்மையிலேயே விளக்கம் தேவைப்படும் ஒன்று. தொடக்க நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் பிரபஞ்சம் பன்மடங்கு பெருத்தது என்று ஆலன் கூத் 1981இல் முன்வைத்த கருத்து அதற்கான விளக்கங்களில் ஒன்று, அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் அந்த விவாதம் முதல் நொடியைப் பற்றியது. அதன் முடிவு எதுவானாலும் அதற்குப் பின் கழிந்த 1380 கோடி ஆண்டுகளில் எதுவும் குறையாது.

இனி, பாதி வழியில் படைக்கப்பட்ட ஒளி. 1987 பிப்ரவரியில், பெரிய மெகல்லன் மேகம் எனப்படும் அண்டை விண்மீன் கூட்டத்தில் ஒரு விண்மீன் வெடித்தது, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அந்த விண்மீனைச் சுற்றி, அது முன்பே வெளியேற்றிய வாயு ஒரு வளையமாக நின்றிருந்தது. வெடிப்பின் கதிர்வீச்சு போய்த் தாக்கியபோது வளையம் ஒளிரத் தொடங்கியது. நமக்கு அருகிலுள்ள விளிம்பின் ஒளி முதலிலும், அப்பாலுள்ள விளிம்பின் ஒளி சில மாதங்கள் பிந்தியும் வந்து சேர்ந்தன. இந்தக் கால இடைவெளிகளிலிருந்து வளையத்தின் ஆரம் ஏறத்தாழ 0.66 ஒளியாண்டு என்று கிடைக்கிறது. ஹபிள் தொலைநோக்கியில் தெரியும் அதன் கோண ஆரம் சுமார் 0.8 வில்நொடி. ஒரு கோணமும் ஒரு பக்கமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கத்தைச் சொல்லிவிடலாம். விடை ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுகள். இதில் பெருவெடிப்புக் கொள்கை எங்கும் நுழையவில்லை. பள்ளிக்கூடத்துக் கோணவியல் மட்டுமே இருக்கிறது.

அந்த ஒளி 6000 ஆண்டுகளுக்கு முன்பு வழியில் படைக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாம் 1987இல் கண்ட வெடிப்பு நடக்கவே இல்லை. வெடிப்பும், அது வளையத்தைத் தாக்கியதும், அதன்பின் மெல்ல மங்கியதும், எல்லாமே இல்லாத ஒரு விண்மீனின் இறப்பைக் காட்டும் படச்சுருளாக ஒளிக்கற்றையில் எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆதாமை வளர்ந்தவனாகப் படைத்ததோடு இதை ஒப்பிட முடியாது. வளர்ந்த உடல் வேறு. ஆதாமின் முழங்காலில், அவன் சிறுவனாக இருந்தபோது விழுந்ததாகக் காட்டும் ஒரு தழும்பைப் படைப்பது வேறு. கரைமணல் அவர்களுக்கு: இந்த வாதத்தை எந்தச் சோதனையாலும் பொய்யாக்க முடியாது என்பது உண்மை. நேற்று மாலை நம் நினைவுகளோடு சேர்த்தே உலகம் படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னாலும் அதையும் பொய்யாக்க முடியாது. அதனால்தான் அறிவியல் இதை ஏற்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை.

ஒளி முன்பு வேகமாகச் சென்றிருக்கலாம் என்போரும் உண்டு. 1,68,000 ஒளியாண்டுகளை 6000 ஆண்டுகளில் கடக்க, ஒளியின் சராசரி வேகம் இன்றைப்போல் 28 மடங்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் வழியில் ஒளி மெதுவானால், அது சுமந்துவரும் காட்சியும் நமக்கு மெதுவாக்கப்பட்டே தெரியும். அந்த வெடிப்பில் உண்டான கோபால்ட்-56 இங்கே ஆய்வுக்கூடத்தில் 77 நாட்களில் பாதியாகிறது. வெடிப்பின் ஒளியும் அதே 77 நாள் கணக்கில்தான் மங்கியது, அந்தத் தனிமத்துக்கே உரிய காமாக் கதிர்களும் செயற்கைக்கோள்களில் பதிவாயின. வேகம் 28 மடங்கு குறைந்திருந்தால் அந்த 77 நாள் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாக நீண்டு தெரிந்திருக்க வேண்டும். பாறைவரி அவர்கள் பேசிய சிதைவு வேகத்துக்கும் இதில் சான்று கிடைக்கிறது: 1,68,000 ஆண்டுகளுக்கு முன்பும், இன்னொரு விண்மீன் கூட்டத்திலும், அது இன்றுள்ளதாகவே இருந்திருக்கிறது.

பிரபஞ்சத்தின் வயதைப் பற்றி அறிவியலாளர்கள் தடுமாறவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். எட்வின் ஹபிள் 1929இல் கணித்த விரிவு வேகப்படி பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள்தான்; அதற்குள் பாறைகளின் வயது அதைத் தாண்டிவிட்டது. பிள்ளை தாயைவிட மூத்ததாக இருக்கும் இந்த நிலையை யாரும் மூடிமறைக்கவில்லை. தொலைவை அளக்கப் பயன்பட்ட துடிக்கும் விண்மீன்களில் இரண்டு வகை உண்டு என்பதை 1952இல் வால்டர் பாடே வெளிப்படுத்தினார். தொலைவுகள் ஒரேயடியாக இரட்டிப்பாயின, வயதும் கூடியது. இன்றும் விரிவு வேகத்தை, வானியலாளர்களின் அலகில், ஓர் அளவீட்டு முறை 67 என்றும் மற்றோர் அளவீட்டு முறை 73 என்றும் சொல்கிறது. அதுபற்றிக் கடுமையான வாக்குவாதம் நடக்கிறது. இந்த வேறுபாட்டைச் சிலர் பெருவெடிப்பின் வீழ்ச்சி என்று எழுதுகிறார்கள். அது பத்து விழுக்காட்டுக்கும் உட்பட்ட வேறுபாடு. 6000க்கும் 1380 கோடிக்கும் இடையிலோ இருபது லட்சம் மடங்குக்கு மேல் வேறுபாடு உண்டு. பெருவெடிப்பைச் சாராமல், ஆறிக்கொண்டிருக்கும் வெண்குறு விண்மீன்களின் வெப்பத்தை மட்டும் வைத்து எம்4 என்னும் விண்மீன் கொத்தின் வயதைக் கணித்தபோதும் 1200 கோடி ஆண்டுகளைத் தாண்டிய எண்ணே கிடைத்தது.

பழையஏடு எழுதியது:

அறிவியலை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 6000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன். அந்த எண் வேதாகமத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அயர்லாந்தின் ஆர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர், ஆதியாகமத்து வம்ச வரலாறுகளைக் கூட்டி, அவற்றைப் பாபிலோனிய அரசர்களின் காலக்கணக்கோடு இணைத்து, படைப்பு கி.மு. 4004 அக்டோபரில் தொடங்கியது என்று 1650இல் வெளியிட்டார். அவர் காலத்தில் அது சிறந்த புலமை. கெப்ளரும் நியூட்டனும்கூடத் தனித்தனியே அந்த எண்ணுக்கு அருகிலேயே கணித்தார்கள். 1701 முதல் ஆங்கில வேதாகமத்தின் ஓரங்களில் அச்சிடப்பட்டதால், வசனத்தோடு வசனமாக அது மனத்தில் பதிந்துவிட்டது.

எந்தப் பிரதியைக் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதை உங்கள் நண்பர் கவனிக்க வேண்டும். செப்டுவஜிந்த் எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் முற்பிதாக்கள் பலர் பிள்ளை பெற்ற வயது நூறு ஆண்டுகள் கூடுதலாக இருக்கிறது. அதைப் பின்பற்றிய பைசாந்தியத் திருச்சபை படைப்பை கி.மு. 5509இல் வைத்தது. யூதக் காலக்கணக்கு கி.மு. 3761இல் வைக்கிறது. வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்வோம் என்று சொல்பவர்களுக்குள்ளேயே 1700 ஆண்டுகளுக்கு மேல் வேறுபாடு இருக்கிறது.

புனித அகுஸ்தீன் ஆறு நாட்களை 24 மணி நேர நாட்களாகக் கொள்ளவில்லை என்பது அடிக்கடி சொல்லப்படுகிறது; அது சரியே. ஆனால் மனித இனத்தின் வயது 6000 ஆண்டுகளுக்கும் குறைவு என்றே அவர் கருதினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை. ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது நமக்கு அழகன்று. இதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. பூமி மிகப் பழையது என்ற முடிவுக்கு டார்வினின் நூல் வெளிவந்த 1859க்கு முன்பே நிலவியலாளர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் பலர் திருச்சபை குருமார்கள். மேற்பரப்பில் பரவிக் கிடக்கும் சரளைப் படிவுகளை எல்லாம் ஒரே ஜலப்பிரளயத்தால் விளக்கலாம் என்று முன்பு நம்பிய ஆடம் செட்ஜ்விக், தாம் தவறியதை 1831இல் லண்டன் நிலவியல் கழகத்தின் தலைவராக நின்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவரும் குருவானவரே. பிரபஞ்சம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்று சொன்ன ஜார்ஜ் லெமெத்ரும் கத்தோலிக்கக் குரு. இன்றைய இளம்பூமிக் கொள்கையின் வடிவம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டினது. 1961இல் அமெரிக்காவில் விட்கம், மாரிஸ் ஆகிய இருவர் எழுதிய நூலுக்குப் பிறகே அது பரவியது.

ஒளியை வழியிலேயே படைத்த வாதத்தின் மூத்த வடிவம் 1857இல் பிலிப் காஸ் எழுதியது. ஆதாமுக்குத் தொப்புள் இருந்தது போலப் பாறைகளுக்குள் புதைபடிவங்களும் தொடக்கத்திலிருந்தே இருந்தன என்றார். அறிவியலாளர்களும் ஏற்கவில்லை, பக்தர்களும் ஏற்கவில்லை. நடக்காதவற்றின் தடயங்களை இறைவன் பாறையில் எழுதிவைத்தார் என்பது பக்தர்களுக்கே பொறுக்கவில்லை.

பாறைவரி எழுதியது:

திருவசனம் ஐயா அவர்களுக்கு. மென்திசு பற்றி: மேரி ஷ்வைட்சர் கண்டது உண்மை, அது எங்கள் துறையையே உலுக்கியது, திசு அவ்வளவு காலம் தாங்காது என்ற பழைய எண்ணம்தான் தவறு என்று ஆனது. இரத்தத்தின் இரும்பு திசுவைப் பதப்படுத்தியிருக்கலாம் என்று அவர் குழு 2013இல் நெருப்புக்கோழியின் இரத்தக் குழாய்களைக் கொண்டு சோதித்துக் காட்டியது. அது முழு விடையா என்பதில் இன்னும் பேச்சு உண்டு. ஷ்வைட்சர் தாமே கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். தம் கண்டுபிடிப்பை இளம்பூமிக்குச் சான்றாக்குவதை அவர் ஏற்கவில்லை.

உப்புக் கணக்கை 1899இல் ஜான் ஜோலி போட்டு, கடலுக்குச் சுமார் 9 கோடி ஆண்டுகள் என்றார். உப்பு கடலுக்குள் வருவதை அவர் எண்ணினார்; அது படிவாகவும் களிமண்ணோடு ஒட்டியும் வெளியேறுவதைப் போதிய அளவு எண்ணவில்லை. வரவை மட்டும் பார்த்துச் செலவைப் பார்க்காத கணக்கு என்றால் கரைமணல் அவர்களுக்குப் புரியும். இதே கணக்கை அலுமினியத்தை வைத்துப் போட்டால் கடலின் வயது சில நூறு ஆண்டுகளைத் தாண்டாது; அதை யாரும் ஏற்கப் போவதில்லை.

நிலவைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும் சாட்சி. நிலவு விலகுவதற்குக் காரணம் கடல் ஓதம். ஓதத்தின் உராய்வால் பூமியின் சுழற்சி தளர்கிறது. நாளின் நீளம் நூறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 2 மில்லி நொடி கூடுகிறது. அப்படியென்றால் பழங்காலத்தில் நாள் குறுகியதாகவும், ஓர் ஆண்டுக்குள் அடங்கும் நாட்கள் மிகுதியாகவும் இருந்திருக்க வேண்டும். சில வகைப் பவளங்கள் தங்கள் கூட்டின்மேல் நாளுக்கு ஒன்றாக மெல்லிய வரிகளை இடுகின்றன. பருவ மாற்றத்தால் ஆண்டுக்கு ஒன்றாகத் தடித்த பட்டையும் உண்டாகிறது. ஒரு பட்டைக்குள் எத்தனை வரிகள் என்று எண்ணினால் அந்தக் காலத்தில் ஓர் ஆண்டுக்கு எத்தனை நாட்கள் என்பது தெரிந்துவிடும்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். டெவோனியக் காலப் பாறைகளுக்குக் கதிரியக்கம் தரும் வயது சுமார் 38 கோடி ஆண்டுகள், அதாவது 38 லட்சம் நூற்றாண்டுகள். நூற்றாண்டுக்கு 2 மில்லி நொடி என்றால் 7600 நொடிகள்; இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அன்றைய நாள் ஏறத்தாழ 21.9 மணி நேரம். ஓர் ஆண்டின் 8766 மணி நேரத்தை அதனால் வகுத்தால் 400 நாட்கள். டெவோனியப் பவளங்களை எண்ணி ஜான் வெல்ஸ் 1963இல் வெளியிட்ட எண்ணும் ஆண்டுக்குச் சுமார் 400. அணுக்கருவின் சிதைவுக்கும் கடலின் ஓதத்துக்கும் ஓர் உயிரினத்தின் அன்றாட வளர்ச்சிக்கும் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லை. சிதைவு வேகம் மாறியது என்று சொன்னால், ஓதமும் பவளமும் அதே விகிதத்தில் ஏன் மாறின என்பதையும் சொல்ல வேண்டும்.

திருவசனம் எழுதியது:

நிதானமான பதிலுக்கு நன்றி. இந்தப் பவளக் கணக்கை நான் முன்பு படித்ததில்லை. ஆனால் இதிலும் நாளின் நீளம் இன்று கூடும் வேகத்திலேயே என்றும் கூடியது என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அதே வேகத்தை நான் நிலவுக்குப் பயன்படுத்தி 150 கோடி என்றால் மறுக்கிறீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? அந்த வரிகள் நாளுக்கு ஒன்றுதான் என்பதற்கும் என்ன உறுதி?

கரைமணல் எழுதியது:

நானும் இதே இரண்டு ஐயங்களைக் கேட்க நினைத்தேன். நண்பரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். அவர் உடனே மறுக்கவில்லை, தாளை வாங்கி வைத்துக்கொண்டு 400 என்ற எண் அவ்வளவு துல்லியமாக வருவதே சந்தேகத்தைத் தருகிறது என்றார்.

பாறைவரி எழுதியது:

மூவர் கேட்பதும் நியாயமே. உங்கள் நண்பரின் ஐயம் அவற்றுள் கூர்மையானது. 400க்கு 400 என்று பொருந்தியதில் ஓரளவு தற்செயலும் உண்டு, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெல்ஸ் எண்ணியவை 385 முதல் 410 வரை சிதறியே இருந்தன; 400 என்பது அவற்றின் நடுவான எண். பவளம் மேகமூட்டமான நாளில் வரி இடாமல் விடலாம், எண்ணுபவரின் கண்ணும் தவறலாம். இன்று வாழும் பவளங்களில் அவர் இதே முறையில் எண்ணியபோது ஆண்டுக்குச் சுமார் 360 வரிகள் கிடைத்தன; வரி நாளுக்கு ஒன்று என்பதற்கு அதுவே அடிப்படை.

ஓதத்தின் வேகமும் நிலையானதன்று, திருவசனம் ஐயா சொல்வது சரி. இன்றைய கடல்களின் வடிவம், குறிப்பாக வட அட்லாண்டிக்கின் அகலம், ஓத அலையோடு ஒத்திசைந்து உராய்வை வழக்கத்தைவிட மிகுதியாக்குகிறது. கண்டங்கள் வேறிடங்களில் இருந்தபோது அது குறைவாக இருந்திருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் ஓதம் ஏறி இறங்கியதைப் பதிவு செய்த சுமார் 62 கோடி ஆண்டுப் பழைய படிவுகளிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 நாட்களே கிடைக்கின்றன. அவ்வளவு நீண்ட காலத்துக்கும் நாள் இரண்டு மணி நேரமே நீண்டது என்றால், சராசரி வேகம் இன்றைய வேகத்தைவிடக் குறைவு. 150 கோடி என்ற வரம்பு, இன்றைய மிகையான வேகத்தையே பின்னோக்கி நீட்டுவதால் வருவது. என் கணக்கிலும் அந்தக் குறை இருக்கிறது. ஆகவே அதிலிருந்து 38 கோடி என்ற எண்ணைத் துல்லியமாகப் பெற முடியாது, காலம் கோடிகளில் அடங்குவது என்பதை மட்டுமே பெற முடியும்.

இனி இளம்பூமிக் கணக்கையும் இதே முறையில் போட்டுப் பார்ப்போம். 6000 ஆண்டுகள் என்பது 60 நூற்றாண்டுகள். 2 மில்லி நொடி வீதம் நாள் மொத்தம் 0.12 நொடி நீண்டிருக்கும். உலகிலுள்ள எந்தப் பவளத்தை எடுத்தாலும், எந்த அடுக்கிலிருந்து எடுத்தாலும், ஓர் ஆண்டுப் பட்டைக்குள் 365 வரிகளையோ, சில நாட்கள் விடுபட்டிருந்தால் அதற்கும் குறைவாகவோதான் காண வேண்டும். வேகத்தை நூறு மடங்கு கூட்டிக்கொண்டாலும் நாள் 12 நொடிதான் நீண்டிருக்கும். எண் 365ஐ விட்டு நகராது. தவறவிட்ட வரிகள் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிரக் கூட்டா. வெல்ஸ் எண்ணியவற்றில் மிகக் குறைந்தது 385.

உங்கள் நண்பர் தாளை வைத்திருக்கிறார் என்றால் இந்த இரண்டாவது கணக்கையும் அதிலேயே குறித்துக் கொடுங்கள். முதலாவதைவிட இதுவே அவர் சரிபார்க்க எளிது.